சத்து மாத்திரை

என்னங்க,

இறால் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். சாவி எதிர்வீட்டு ஃபாயிசாவிடம் இருக்கிறது.

மாத்திரை தீரப்போகிறதென்று அட்டையோடு மருந்துக்கடைக்குப் போனேன். "இது தூக்க மாத்திரைம்மா, டாக்டர் சீட்டு இல்லாம தர முடியாது" என்றார் கடைக்காரர்.

மாதவிலக்கு நின்றதிலிருந்து ராத்திரியில் உடம்பு கொதித்து, வேர்த்து எழுந்து உட்காருகிறேன். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற உங்கள் தூக்கம் கெட்டது உண்மைதான். வாய் திறந்து சொல்லியிருந்தால் கூடத்தில் படுத்திருப்பேன். சத்து மாத்திரை என்று உங்கள் கையால் கொடுத்தீர்கள். நானும் பிஸ்மி சொல்லி விழுங்கினேன்.

இந்த உடம்புச் சூட்டுக்கு என்னென்ன வைத்தியம் இருக்கிறதென்று பாண்டிச்சேரி லேடி டாக்டரிடம் நானே கேட்கப் போகிறேன். ராத்திரி அக்கா வீட்டில் தங்குவேன்.

ஜுலைகா

பி.கு.: தனியாகத் தூக்கம் வராவிட்டால், மிச்சமிருக்கிற சத்து மாத்திரை அலமாரியில்தான் இருக்கிறது.