ஆவுடையிடம் பேசு

பம்பாய்,
20.8.1984

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் நலம். நீயும் ஆவுடையும் சுகம்தானே? ஆடித்தபசுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். கம்பெனி மாடிப்படியில் வழுக்கி இடது கை எலும்பு கொஞ்சம் விலகிவிட்டது, வேறொன்றுமில்லை. இப்போது சரியாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில்தான் பதில் சொன்னேன். இந்தி இன்னும் பிடிபடாத எனக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் எலும்பை இழுத்துப் பொருத்தியபோது, "ஏ யம்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, நம்ம பக்கமா? நான் கடையநல்லூருல்லா" என்றார். பெயர் மைதீன் பிச்சை. கட்டுப் பிரிக்கும்வரை அவர் வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு.

ஆவுடை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்று டீச்சர் சொன்னாராம், இங்கிலீஷ் தெரியாத நீ பிள்ளை வந்ததும் வாயை மூடிக்கொண்டு சோறு மட்டும் போடுகிறாயாம். இது என்ன கூத்து? பள்ளிக்கூடத்தில் அவர்கள் சொல்கிறபடி, நம் வீட்டில் நாம் பேசுகிறபடி. நான் சொன்னதாகவே டீச்சரிடம் சொல்.

மைதீன் பிச்சையின் மச்சான் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துவிடு. இனி ஒரு பக்கம் கூட்டி எழுது, உன் கடிதம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. இதை ஆவுடையைச் சத்தமாக வாசிக்கச் சொல். அவள் தடுமாறுகிற இடத்தில் நீ வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

உன்,
பரமசிவன்