பட்டியலில் விட்டுப்போன பெயர்

12-8-1958, செவ்வாய்

பள்ளியில் குடத்துத் தண்ணீரைப் பிள்ளைகள் முறை வைத்து ஊற்றுவார்கள். மற்றவர்கள் கையேந்திக் குடிப்பார்கள். அந்த முறைப் பட்டியலை எழுதுவது நான். சேரியிலிருந்து வரும் மாராத்தாள் பெயரை மட்டும் ஜூன் முதல் எழுதவே இல்லை. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயம்.

இன்று ஊற்றவேண்டிய பாத்திமா காய்ச்சலில் வரவில்லை. நான் ஆள் தேடுவதற்குள் மாராத்தாள் சொம்பை எடுத்துவிட்டாள். வரிசையில் முதலில் நின்றவள் ரங்கம்மா, வீட்டில் தெலுங்கு பேசும் பண்ணைக்காரர் மகள். குடித்துவிட்டு, "இன்னொருக்கா ஊத்து கண்ணு, நீதான் சிந்தாம ஊத்தறே" என்றாள். எல்லோரும் குடித்தார்கள். கடைசியில் நானும் கையேந்தினேன்.

இருட்டும் நேரத்தில் ரங்கம்மாவின் அப்பா என் வீட்டுக்கே வந்துவிட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஏனுங்க டீச்சர், மாராத்தாளாட்டம் சிந்தாம ஊத்தோணும்னு எங்க அம்மணி ரங்கம்மா சொம்பும் கையுமா நிக்குதுங்க. ஊடெல்லாம் ஈரமுங்க. சீக்கிரம் எங்க அம்மணிக்குப் பள்ளிக்கூடத்துல முறை போட்டுருங்க."

அவர் போனபிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாளை வேறு யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். எப்போதும் பென்சிலால் எழுதும் பட்டியலை இன்று மையால் எழுதினேன். முதல் பெயர் மாராத்தாள். இன்னும் காயவில்லை.