பிச்சையம்மாளுக்கு எழுதிக் கொடுத்த பதில்

1961 ஏப்ரல் 24, திங்கள்

புதுக்கோட்டையில் கோடை வகுப்பு இன்று தொடங்கியது. எட்டுப் பெண்கள். எட்டு வீட்டிலும் பி.யூ.சி. வரை வந்த முதல் ஆள் நாங்கள்தான். ஆறு வாரம் பாடமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்து, ஜூனில் மெடிக்கல் காலேஜ் இண்டர்வியூவுக்கு அனுப்பப்போவதாக வகுப்பு நடத்தும் டாக்டரம்மா சொன்னார். இங்கிலீஷில் பேசச் சொன்னதும் மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் நிற்காமல் பேசினேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை.

ஏப்ரல் 29, சனி

தவளை அறுத்தோம். என் கத்தி இதயத்திலேயே இறங்கிவிட்டது. கோட்டைப்பட்டினத்துப் பிச்சையம்மாள் ஒரு நரம்புகூட அறாமல் பிரித்து வைத்திருந்தாள். அவள் தட்டைத்தான் டாக்டரம்மா எல்லோருக்கும் காட்டினார்.

"மீன் ஆயுற கைதானே" என்றேன், அவள் காதில் விழட்டும் என்றே.

"ஆமா செல்வி. எங்க ஆத்தா இன்னும் வேகமா ஆயும்" என்று சிரித்தாள்.

சிரித்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மே 8, திங்கள்

இன்றும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

மே 17, புதன்

வார்டில் ஒரு கிழவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து "கேக்குதா?" என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கேக்குதுங்க" என்றேன். அடுத்து பிச்சையம்மாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

ஸ்டெதாஸ்கோப்பின் தலையை டாக்டரம்மா வேண்டுமென்றே திருகி வைத்திருந்தாராம். யார் வைத்தாலும் சத்தம் வராதாம். "கேக்காததைக் கேட்டேன்னு சொல்ற டாக்டர் ஆளைக் கொன்னுடுவாம்மா." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிச்சையம்மாள் தலை குனிந்திருந்தாள், எனக்காக. அவள் யார் எனக்காகத் தலை குனிய?

மே 30, செவ்வாய்

"இண்டர்வியூவுல ஏன் டாக்டராகணும்னு கேப்பாங்களாம். ஒனக்குத்தான் இங்கிலீசு நல்லா வருதே, ஒரு பதில் எழுதிக் குடேன்" என்று பிச்சையம்மாள் நோட்டை நீட்டினாள்.

எங்கள் ஊரில் டாக்டர் இல்லை, பிரசவத்தில் பெண்கள் சாகிறார்கள் - இரண்டு வரி போதும். நான் ஒரு பக்கம் எழுதினேன். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, பல்லில் சிக்குகிற சொல்லாகப் பார்த்து. அவள் வாயில் இது நிற்காது என்று எழுதும்போதே தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஜூன் 20, செவ்வாய்

இண்டர்வியூவுக்கு எனக்கு முன்னால் அவள் போனாள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "நடுவுல மறந்துபோச்சு செல்வி. அப்புறம் தமிழ்கூட வரலை. நீ அவ்வளவு சிரமப்பட்டு எழுதிக் குடுத்தும்..."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் எழுத மாட்டேன் - நிம்மதிதான்.

ஜூலை 12, புதன்

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. அப்பா தெருவெல்லாம் சீனி கொடுத்தார். "அவளுக்கு மார்க் இருந்துச்சு. இண்டர்வியூவுலதான் போச்சு" என்றார் டாக்டரம்மா.

ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் சோறு இறங்கமாட்டேன் என்கிறது?

ஜூலை 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசித் துணிவரை உதறிப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்றே? டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொல்லு."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஜூலை 17, திங்கள்

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அவளுக்கு ஒரு வருசம் போச்சு. ஒன்னோட சீட்டை விட்டாலும் அது அவளுக்குப் போகாது. போய்ப் படி" என்றார். அதன்பிறகு முகம் கொடுக்கவில்லை.

1962 ஜூலை 23, திங்கள்

இந்த வருடப் பட்டியலில் பிச்சையம்மாள் இருக்கிறாள். என்னைவிட மார்க் அதிகமாம். கேட்டதும் உள்ளே சுருக்கென்றது. இன்னும் போகவில்லை அது.

காலையில் காலேஜ் வாசலில் தகரப்பெட்டியோடு நின்றாள். கிட்டே போனேன். என்னைப் பார்த்தாள். பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்தேன். விடு என்று சொல்லவில்லை. மறுபக்கத்தை அவள் தூக்கினாள். ஹாஸ்டல் வரைக்கும் நடந்தோம்.