மரகதம் என்றே கூப்பிட்டேன்

காலையில் புதுவாயல் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் உன் மகள் முகத்தில்தான் விழித்தேன். முதல் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். இரண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். முகத்துக்குக் கீழே ஜிகினா எழுத்தில் போட்டிருந்தார்கள், ‘ரூபிகாஸ்ரீ’ என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ வைத்த பேர் மரகதம். என் தம்பி, அதுதான் உன் வீட்டுக்காரன், “இன்னா இது, கெய்வி பேரு?” என்று சிரித்தான். நீ விட்டாயா? கம்பெனிக்கு வருமுன் திருவள்ளூரில் நகைக்கடையில் நின்றவள் ஆயிற்றே. “நெஜ மரகதத்துக்குள்ள கீறல் இருக்கும் அண்ணி. சுத்தமா பளபளன்னு இருந்தா அது கண்ணாடி. என் பொண்ணு கண்ணாடி இல்ல” என்றாய். தொட்டிலில் போட்ட அன்று, அத்தை முறைக்கு நான்தான் அந்தப் பேரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னேன். கம்பெனியில் உன் லைனில் வேலை செய்துகொண்டே கேலி செய்த பெண்களே பிறகு தங்கள் பிள்ளைகளுக்குப் பவளம், நீலமணி என்று வைத்தார்கள். அந்த ஃபேஷனே உன்னால்தான் வந்தது என்று என்ன அலட்டல் அலட்டினாய்!

ஐந்து மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் காய்ச்சலோடு ஷிஃப்டுக்குக் கிளம்பினாய். “வேணாம்டி, படு” என்று கத்தினேன். “லீவு போட்டா கான்ட்ராக்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க அண்ணி. மாத்திர போட்டுக்கினு போறேன்” என்றாய். அந்த வாரமே டெங்கு என்றார்கள். நீ வீடு திரும்பவில்லை.

உன்னைக் கொண்டுபோனது காய்ச்சலும் வேலை போய்விடுமே என்ற பயமும். என் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? “அந்தக் கல்லு பேருதான் பெத்தவள முழுங்கிச்சி.” ஜோசியரும் ஒத்து ஊதினாராம். குழந்தைக்குப் பச்சை ஆகாதாம், சிவப்புதான் ஆகுமாம். உடனே ரூபி! பழி போட ஒரு கல், பரிகாரத்துக்கு இன்னொரு கல்.

பேரை மாற்றினாலும் காதில் சொல்ல அத்தைதானே வேண்டும்? கூட்டத்துக்கு நடுவே அம்மா குழந்தையை என் மடியில் போட்டாள். “புதுப் பேர சொல்லுடி, நல்ல நேரம் போவுது.” குனிந்தேன். கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மரகதம், மரகதம், மரகதம் என்றேன்.

தம்பி பாய்ந்து வந்தான். “பைத்தியமாக்கா உனக்கு? புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா?” பயந்திருக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை. “காய்ச்சலோட போனாளே, அப்ப எங்கடா போச்சு இந்தப் பயம்? அதுக்கு எந்தக் கல்லுடா பரிகாரம்?” அவன் சாப்பிடாமலே வெளியே போய்விட்டான். கேக்கை ரூபிகாஸ்ரீ பேரிலேயே வெட்டினார்கள். வெட்டட்டும்.

உன் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஒரு நாள் படுத்திருந்தால் என்னடி குடி முழுகியிருக்கும்? வேலை விட்டு வரும்போது வாசலிலிருந்தே, “மரகதோ...ம்” என்று இழுத்துக் கூப்பிடுவாய். அந்தக் குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அவளைத் தூளியில் போடும்போது உன்னை மாதிரியே இழுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.