நகக்குறி போட்ட கோப்பை

விருத்தாசலம்,
தை, 1967

என் கண்ணே,

நேற்று பீங்கான் ஆலையில் சூளை பிரித்தோம். உன் அப்பா கடைசியாகச் செய்த கோப்பைகள் வெந்து வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும், ஈரமண்ணில் அவர் எப்போதும் அழுத்தும் கட்டைவிரல் நகக்குறி. எடுத்த கை இன்னும் சுடுகிறது.

போன மாதம் மந்திரி வந்து, "நாடே கடன்ல இருக்குது, கூலி ஏத்தச் சொல்லாதீங்க" என்றபோது எழுந்து நின்றவர் உன் அப்பா ஒருவர்தான்.

"அந்தக் கடன நாங்களா வாங்கினோம்? எங்க கூலி ஏறி எத்தினி வருஷமாச்சுங்க!"

மறுநாள் மேஸ்திரி அவரை உள்ளே விடவில்லை. அன்று சாயங்காலம் தண்டவாளத்துப் பக்கம் போனவர்தான். நான் இப்போதெல்லாம் அந்த வழியாக நடப்பதில்லை.

நாளை மந்திரி மறுபடி வருகிறார், ஓட்டுக் கேட்க. டீ கொடுக்க என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கோப்பைகளில் ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன். மந்திரி குடித்து முடித்ததும், "அடியத் திருப்பிப் பாருங்க" என்று சொல்லப்போகிறேன்.

அதற்குப் பிறகு என்னையும் உள்ளே விட மாட்டார்கள். உன் வீட்டில் எனக்கொரு பாய் விரித்து வை.

அம்மா