ஓர் அங்குலம் குறைந்த பேட்டரி

டீச்சர்,

கடையை இடம் மாற்றுகிறோம். ஈப்போ சிலிபினில் இதே வரிசையில் நான்கு கதவு தள்ளித்தான் புது இடம். பழைய பேட்டரிப் பட்டியல் புத்தகங்களைக் கழித்துப் போடலாம் என்று இன்று காலை ஒவ்வொன்றாக எடுத்து உதறியபோது, ஒன்றின் நடுவிலிருந்து கட்டம் போட்ட பள்ளிக்கூடத் தாள் ஒன்று விழுந்தது. உங்கள் கையெழுத்து. ஒரு பெட்டியைப் படமாக வரைந்து, அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கோலால் அளந்து எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் முனை இடது பக்கம், மைனஸ் முனை வலது பக்கம் என்று அம்பு போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அடியில் ஒரு வரி: "திங்கட்கிழமை விடியற்காலையில் நீண்ட பயணம். பார்த்துத் தரவும்."

அந்த வரியை நான் இன்றைக்குத்தான் படித்தேன் டீச்சர். நீங்கள் அதை என் கையில் கொடுத்துப் பத்து வருடம் ஆகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம்.

சிலிம் ரிவர் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் மாற்றலாகி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது அங்கே பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய இங்கிலாந்துக் கார், கூரையில் ஓர் அலமாரியைக் கட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் பக்கம் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து புடவை கட்டிய ஒரு பெண் இறங்கியதை வேலைக்குப் போன ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தோம். உங்களுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். "பார்த்துட்டீங்கல்ல, இனி அந்த அலமாரிய இறக்க ரெண்டு பேரு வாங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். இறக்கிய இருவரில் நான் ஒருவன்.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்து பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் ஒருமுறை கல்வி அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம், தோட்டத்திலேயே இருந்துவிட்ட என் அக்கா கொடுத்தனுப்பும் பொட்டலத்தோடு நீங்கள் கடை வாசலில் காரை நிறுத்துவீர்கள். நான் வெளியே வந்து காரின் முன்மூடியைத் தூக்கி, பேட்டரியில் தண்ணீர் அளவு பார்த்து, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். அப்போது நீங்கள் தோட்டத்துச் செய்தியெல்லாம் சொல்வீர்கள். அதிகம் சொன்னது தேவகியைப் பற்றித்தான். பால்மரம் வெட்டும் விதவைத் தாயின் ஒரே பெண். எங்கள் தோட்டத்தில் ஐந்தாம் படிவம் வரை பள்ளிப்படிப்பை முடித்த முதல் பெண். தாதிப் பயிற்சிக்கு அவளை விண்ணப்பம் போட வைத்தது நீங்கள்.

"ஆஸ்பத்திரி மிஸ்ஸி உடுப்புல அவளப் பார்க்கணும். அப்புறம் எனக்கு வேற எஸ்டேட்டுக்கு மாத்தல் வந்தாலும் பரவால்ல" என்றீர்கள் ஒருமுறை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது, இஞ்சின் சத்தத்தை வைத்தே காரின் வியாதியைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஈப்போவில் எவனுக்கும் தெரியாது என்று மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதனால்தானே வழியில் இருந்த அத்தனை கடைகளையும் தாண்டி என்னிடம் வந்தீர்கள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஈப்போவில் தேவகிக்கு நேர்முகம். பழைய பேட்டரி இரண்டு வாரமாகத் திணறுகிறது, அதை நம்பி அவளை ஏற்றிவர முடியாது என்று சொல்லி, இந்தத் தாளைக் கொடுத்தீர்கள். நான் அதை மடித்துப் பட்டியல் புத்தகத்துக்குள் செருகினேன். ஒரு டீச்சர் அளந்து கொடுத்துத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்ற எண்ணம். அளவு என் கண்ணிலேயே இருக்கிறது என்று நினைத்தேன்.

உண்மையில் இருந்தது. உங்கள் காருக்கு எந்த அளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவு அன்றைக்குக் கடையில் இல்லை என்பதும் தெரியும். கடை முதலாளி தவுக்கே தைப்பிங் போயிருந்தார், புதுச் சரக்கு செவ்வாய்க்கிழமைதான் வரும். தெருமுனையில் இருந்த இன்னொரு கடையில் சரியான அளவு பேட்டரி இருந்தது. காலையில்தான் அந்தக் கடையைத் தாண்டி வந்தேன், வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். "எங்கக்கிட்ட இல்ல டீச்சர், அங்க போங்க" என்று நான் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் உங்கள் வேலை முடிந்திருக்கும். தவுக்கேகூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் உங்களிடம் "இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு பீற்றியவன், இன்னொருவன் கடைக்கு வழிகாட்ட வேண்டுமா என்று இருந்தது.

சின்னக் காருக்கான பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தேன். அகலத்தில் ஓர் அங்குலம் குறைவு, நீளத்தில் அதைவிடவும் குறைவு. தட்டில் வைத்தால் ஆடியது. பிளஸ் முனை மாறி வலது பக்கம் இருந்ததால் கம்பியை இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. மேலே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் எட்டவில்லை. சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு பலகைத் துண்டை உடைத்து இடுக்கில் செருகி, பழைய டியூப் ரப்பரைக் கீறி இழுத்துக் கட்டினேன்.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "சின்னதா இருக்கே. பழசு தட்டு முழுக்க இருந்திச்சி" என்றீர்கள்.

"அது பழைய மாடல் டீச்சர். இப்ப வாரதெல்லாம் இப்படித்தான்லா. பவர் அதேதான்."

"நான் அளவு எழுதிக் குடுத்தேனே, அதுக்குச் சரியா வருதா?"

"எல்லாம் பார்த்துட்டேன். நம்பி எடுத்துட்டுப் போங்க."

நீங்கள் நம்பினீர்கள். இஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது. கண்ணாடியை இறக்கி, "தேவகி பாஸ் பண்ணிட்டா உங்களுக்குத்தான் மொத மிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பேட்டரி ஏன் தட்டில் இறுகி இருக்க வேண்டும் என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே விளக்கமாகச் சொல்லியிருப்பேன். உள்ளே ஆறு அறைகளில் ஈயத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஆடினால் அவை உதிரும், உதிர்ந்தது அடியில் சேர்ந்தால் அந்த அறை செத்துவிடும். பெரிய ரோட்டிலிருந்து நம் தோட்டத்துக்குள் போகும் மூன்று மைல் செம்மண் பாதை எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சைக்கிளில் அதில் எலும்பு நோகப் போயிருக்கிறேன். சனிக்கிழமையும் ஞாயிறும் நீங்கள் அந்தப் பாதையில் போய் வந்திருக்கிறீர்கள்.

புதன்கிழமை தோட்டத்து லாரியில் வந்து இறங்கினீர்கள். டிரைவர் சாக்கில் சுற்றிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கடைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குக் கார் எடுக்கவில்லை. லயத்து ஆண்கள் இறக்கத்தில் மூன்று முறை தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். இருமி இருமி நின்றிருக்கிறது. நீங்களும் தேவகியும் அந்த மூன்று மைலை நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஈப்போ வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றுக்கு மேல். அவளுடைய பெயரை ஏற்கெனவே கோடு போட்டு அடித்துவிட்டார்கள். நீங்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறீர்கள். தேவகி நேர்முகத்துக்குப் போட நல்ல உடுப்புகூட இல்லாத பெண், உங்கள் புடவை ஒன்றைத்தான் கட்டி வந்தாள் என்றும் சொன்னீர்கள்.

நான் மூடிகளைத் திறந்து, ஆசிட்டை உறிஞ்சிப் பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஒவ்வோர் அறையிலும் விட்டேன். ஐந்து அறைகள் நன்றாக இருந்தன. ஆறாவதில் ஆசிட் கறுத்துச் சேறுபோல் ஏறியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் மழையில வந்தேன். லைட்டு போட்டிருந்தேன். அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன். ஒருவேள அதனால இருக்குமோ?"

ஒரு நொடி இருந்தது டீச்சர். அந்த ஒரு நொடியில் எனக்கு இரண்டு வழியும் தெரிந்தன.

"அணைச்சிருந்தா ஸ்டார்ட் எடுத்திருக்குமே டீச்சர்" என்றேன். "லைட்டத்தான் விட்டுட்டீங்க."

விளக்கை அணைக்காமல் விட்டால் ஆறு அறையும் சேர்ந்தே இறங்கும். ஒன்று மட்டும் சாகாது. நீங்கள் விளக்கை அணைத்திருந்தீர்கள். அது எனக்கு உறுதியாகத் தெரியும். நீங்கள் நடைபாதையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, "நாந்தானா" என்று மட்டும் சொன்னீர்கள். நான் உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். முந்தின நாள்தான் வந்திருந்த சரியான அளவு பேட்டரியை வாயைத் திறக்காமல் எடுத்து லாரியில் ஏற்றிவிட்டேன். அது ஏன் பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. அதையெல்லாம் பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை.

அன்று சாயங்காலமே தேவகியின் அம்மா வீட்டுக்குப் போய், உங்கள் கவனக்குறைவால்தான் அவளுக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொல்லி அழுதீர்களாம். அக்கா சொன்னாள். மறுவருடமும் விண்ணப்பம் போட வைத்தீர்கள், அழைப்பு வரவில்லை. தேவகி அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனாள்.

இரண்டு வருடம் கழித்துத் திருவிழாவுக்கு வந்தேன். நீங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, பத்தடி நடந்து, திரும்பிப் போய் முன்னால் குனிந்து விளக்கைப் பார்த்தீர்கள். மறுபடி நடந்தீர்கள். மறுபடி திரும்பினீர்கள். நல்ல வெயில் நேரம். என் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டீச்சருக்கு லைட்டுப் பைத்தியம் புடிச்சிருக்கு. டெய்லி இப்படித்தான்லா" என்றாள் அக்கா. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்ற பயத்தில் சிரித்தேன். இத்தனை வருடத்தில் நான் செய்ததில் மிகக் கேவலமானது எது என்று கேட்டால், அந்தப் பொய்யைவிட இந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு நீங்கள் ஈப்போ பள்ளிக்கு மாற்றலாகி வந்தீர்கள். காரை விற்றுவிட்டதாகச் சொல்லக் கடைக்கு வந்தபோது, "நல்ல கார்தான். எனக்குத்தான் அத வச்சிக்கத் தெரியல" என்றீர்கள். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். ஒரு லாரிக்காரர் வந்து ஏதோ கேட்டார். அவரைக் கவனிக்கப் போனேன். அவர் கேட்டது ஒரு நிமிட வேலை, நான் பத்து நிமிடம் செய்தேன். திரும்பி வந்தபோது நீங்கள் போயிருந்தீர்கள்.

உங்களுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து வைத்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன்.

உங்கள் கருமாதி அன்று தேவகியைப் பார்த்தேன். அவள் இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னப் பேட்டரி, பலகைத் துண்டு, கறுத்த ஆசிட், நான் சொன்ன பொய். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"டீச்சர் எங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருந்தாங்கண்ணே. பார்க்குறப்ப எல்லாம். நானும் பரவால்ல டீச்சர், பரவால்ல டீச்சர்னு சொல்லுவேன். உள்ளுக்குள்ள ஒருநாள்கூட மன்னிக்கல."

செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்து ஆள் விட்டாங்க, ஒருவாட்டி வந்துட்டுப் போகச் சொல்லி. ஓவர்டைம் இருக்குன்னு சொல்லிட்டேன். ஓவர்டைம் இல்ல."

வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம்ணே, பஸ்ஸு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளிடம் சொன்னதும் என் மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன் டீச்சர். அதுவும் என்னைப் பற்றிய நினைப்புதான். அதுவரை அவளுக்குக் கோபப்பட ஒருவர் இருந்தார். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு, சாகக் கிடந்தவர் கூப்பிட்டும் போகாத பெண்ணாக அவளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தேன். சந்தையில் எப்போதாவது எதிரே வருகிறாள். "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று கேட்கிறாள். முன்புபோல மரியாதையாகத்தான் கேட்கிறாள். நான் "ம்" என்கிறேன். அதற்குமேல் அவள் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.