வானத்தில் வைத்த பொட்டு

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் மெல்பர்னில் சுகமாக இருக்க முருகன் துணை இருக்கட்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறோம், அப்பா மாத்திரை போடுகிறார். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

தம்பி மகேஸ்வரனோடு படம் வரைந்த லோஷினி வந்திருந்தாள். ஜொகூர் பாருவில் நம்மூர்ப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி, தம்பி கடைசியாக வரைந்ததையும் வைக்கவேண்டும் என்றாள். செடெனாக் ஊர்ப் பக்கத்துச் செம்பனைக் காடும் செம்மண் பாதையும், மேலே மழைக்கு முந்தின வானமும் இருக்குமே, அதுதான். வரைகிறபோது நான் கேலி செய்வேன், பஸ்ஸில் போனால் சும்மா தெரிவதை யாரடா சுவரில் மாட்டுவார்கள் என்று. சிரித்துக்கொண்டே வரைவான்.

கருமாதி அன்று அவன் போட்டோவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன் அல்லவா, அதே கை பக்கத்தில் சாய்த்திருந்த ஓவியத்துக்கும் போய்விட்டது. வானத்தின் நடுவில் நன்றாக அழுத்தி வைத்துவிட்டேன். இப்போது லோஷினி பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஆயில் பெயிண்ட் மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள காய மாசக்கணக்காகும் லா" என்றாள். குங்குமம் சாயத்தோடு ஒட்டிப் பிடித்துவிட்டதாம். இப்போதே துடைத்தால் ஓரளவு போகும், விட்டால் இறுகிவிடும், நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளைக்கு வெச்ச பொட்ட அழிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அழிக்க மனமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன் பிரவீனா. அந்த வானத்துக்காக அவன் எத்தனை சாயத்தைக் கலந்து கலந்து வழித்துப் போட்டான், கிட்டே போனாலே தொடாதீங்கம்மா என்பான். பொட்டு அவனுக்கு வைத்தது, வானம் அவன் செய்தது. துடைத்துவிடு என்றேன்.

அவள் சாயம் துடைக்கிற டர்பன்டைன் போத்தலைத் திறந்ததும் வீடு முழுக்க தம்பி அறை வாசனை. அப்பா எழுந்து வந்தார், படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், மறுபக்கம் நான். மெதுவாகத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். முழுதும் போகவில்லை, மேகத்துக்குள் லேசாகச் சிவப்பு நிற்கிறது. அதே நிறம் கலந்து மேலே பூசட்டுமா என்று கேட்டாள். அப்பாதான், "வேணாம்மா. இனி யாரும் அதுல கை வைக்க வேணாம்" என்றார்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். பெரிய வெள்ளைச் சுவரில் தனியாக மாட்டி, கீழே அவன் பெயர் போட்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நின்று பார்த்தார்கள், சிலர் கிட்டேபோய், பிறகு பின்னால் நகர்ந்து பார்த்தார்கள். நானும் அப்படிப் பார்த்தேன், மழை வருவதுபோலவே இருந்தது. அழவில்லை. விற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திரும்பி வந்ததும் சாமி அறையில் வைக்கமாட்டேன், ஹாலில் மாட்டப்போகிறேன். பொட்டும் மாலையும் போட்டோவோடு இருக்கட்டும், இதை வருகிறவர்கள் படமாகவே பார்க்கட்டும்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெள்ளிக்கிழமை தம்பியை நினைத்து ஒரு விளக்கு ஏற்று, மறந்துவிடாதே. நீ நிறைந்த ஆயுசோடு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா யோகேஸ்வரி
ஸ்கூடாய்